நாலாம் இடமும் ஓர் இடந்தான்

2024 ஜூலை 27ஆம் திகதி பரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு பட்மின்ரன் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இந்தியாவின் லக்சயா சென், 22 வயது. மற்றப் பக்கம் குவாத்தமாலாவின் கெவின் கோர்டோன், 37 வயது. லக்சயா 21-8, 22-20 என்று வென்றார். இரண்டாவது கேமில் மூத்தவர் பெடியனை எவ்வளவு பாடுபடுத்தினார் என்பதை அந்த 22-20 ஏ சொல்லும்.

அதற்குப் பிறகு இடது முழங்கையில் காயம் என்று கோர்டோன் போட்டியில் இருந்து விலகினார். அவர் இடதுகைக்காரர். அதாவது ராக்கெற் பிடிக்கிற கை. குழு ஆட்டத்தில் ஒருவர் இடையில் விலகினால், அவர் அதற்கு முதல் விளையாடின ஆட்டத்தையும் சேர்த்து அழித்துவிடுவது அங்கத்தைய விதி. ஆகவே லக்சயாவுக்கு அந்த வெற்றி இல்லை. கோர்டோனுக்கு அந்தத் தோல்வி இல்லை. சனம் காசு கொடுத்துப் பார்த்த ஆட்டம், கணக்கில் நடக்கவே இல்லை.

இந்தியச் செய்திகளில் லக்சயாவின் வெற்றி அழிந்ததுதான் தலைப்பு. அது நியாயம், அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் ஆர் என்று கேட்டவர்கள் குறைவு. எங்கட ஆக்களுக்குள்ளயும் பட்மின்ரன் பைத்தியங்கள் நிறைய. லின் டான் தெரியும், லீ சொங் வெய் தெரியும், சிந்து தெரியும். கோர்டோன் என்றால் முழிப்பார்கள். அவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கு, அதுதான் இதை எழுதுகிறேன்.

கெவின் கோர்டோன் 1986 நவம்பரில் குவாத்தமாலாவின் சக்காபா மாகாணத்தில் லா யூனியோன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனுக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். இங்கிலாந்தின் கெவின் கீகனை நினைத்து மகனுக்குக் கெவின் என்று பெயர் வைத்தார். எங்கட ஊரில் மரடோனா என்றும் கபில்தேவ் என்றும் பட்டம் வைத்துக் கூப்பிட்ட மாதிரி என்று வையுங்கோவன். மகனும் உதைபந்துதான் விளையாடிக்கொண்டு இருந்தவர். பிறகு பட்மின்ரன் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வயதளவில் வீட்டை விட்டுத் தலைநகருக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார்.

குவாத்தமாலா சின்ன நாடு என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கு. நிலத்தைப் பார்த்தால் இலங்கையை விடப் பெரிசு. சனம் ஒன்றேமுக்கால் கோடி அளவு, அது இலங்கையை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் பட்மின்ரன் உலகத்தில் அது ஒரு புள்ளி. 1992 பார்சலோனாவில்தான் பட்மின்ரன் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக வந்தது. அன்று தொடக்கம் 2024 பரிஸ் வரைக்கும் கொடுத்த பதக்கம் அத்தனையும் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டும்தான் போனது. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, ஓசியானியா எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் பூச்சியம். பதக்கக் கணக்கில் இருந்து பார்த்தால் கனடாவே ஒரு சின்ன நாடுதான், குவாத்தமாலாவைச் சொல்ல வேணுமோ?

இந்தப் பின்னணியில் ரோக்கியோவை நினைத்துப் பாருங்கோ. 2020 ஒலிம்பிக் கொரோனாவால் தள்ளிப் போய் 2021இல் நடந்தது. கோர்டோன் அப்ப உலகத் தரவரிசையில் 59ஆம் இடம். வயது 34. குழுவில் ஹொங்கொங்கின் இங் கா லோங் அங்கஸ், உலகத்தின் முதல் பத்தில் இருந்த ஆள். அவரை 22-20, 21-13 என்று வென்றார். மெக்சிக்கோக்காரரையும் வென்று குழுவில் முதலாவதாக வந்தார். கடைசிப் பதினாறில் ஒல்லாந்தின் மார்க் கல்யோ. முதல் கேம் 21-17. இரண்டாவது கேமில் 3-21 என்று அடிவாங்கினார். மூன்று புள்ளி! அப்படி அடிவாங்கினவன் மூன்றாவது கேமுக்கு வந்து நிற்பதே பெரிய காரியம். இவர் 21-19 என்று வென்றார்.

காலிறுதியில் தென்கொரியாவின் ஹியோ குவாங்ஹீ. உலகத்தின் முதல் ஆட்டக்காரர் ஜப்பானின் கென்ரோ மொமோற்றாவை அவரின் சொந்த மண்ணிலேயே குழு ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த பெடியன். அவரை 21-13, 21-18 என்று முடித்தார் கோர்டோன். கடைசிப் புள்ளி விழுந்ததும் அப்படியே நிலத்தில் விழுந்து அழுதார்.

ஒலிம்பிக் பட்மின்ரன் ஒற்றையர் அரையிறுதிக்கு அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்த முதல் ஆள் அவர்தான். அரையிறுதியில் டென்மார்க்கின் விக்டர் அக்செல்சனிடம் 18-21, 11-21. வெண்கல ஆட்டத்தில் இந்தோனேசியாவின் அந்தோனி கின்ரிங்கிடம் 11-21, 13-21. நாலாம் இடம். பதக்கம் இல்லை. அக்செல்சன்தான் தங்கம் எடுத்தார் என்பதையும் சொல்ல வேணும்.

சரி, இனி நான் சொல்ல வந்த விசயம்.

இங்கே எங்கட ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிற ஒரு மண்டபம் இருக்கு. அங்கே ஒரு அண்ணை, நல்ல விளையாட்டுக்காரர், எங்களை மாதிரி வியர்வை காணப் போகிறவர் இல்லை. அவர் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் ஒரே கதை கதைப்பார். "உந்தச் சின்ன நாட்டுக்காரரை எல்லாம் ஏன் கூப்பிடுறாங்கள்? தகுதி உள்ளவன் வீட்டில இருக்கிறான், இவங்கள் சுற்றுலா வாறாங்கள்" என்று. அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கு. விதி அப்படி. தரவரிசையில் முதல் பதினாறுக்குள் இருந்தால் ஒரு நாட்டுக்கு இரண்டு பேர். அதற்கு வெளியே என்றால் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான். ஐந்து கண்டத்துக்கும் ஆகக் குறைந்தது ஒரு இடமாவது போக வேணும். இதால் ரோக்கியோவுக்கு டென்மார்க்கின் ராஸ்முஸ் கெம்கே போக முடியவில்லை. அவர் அப்ப உலகத்தில் முதல் பதினைந்துக்குள் இருந்தவர். ஆனால் அவருக்கு முன்னால் அக்செல்சனும் அன்ரோன்சனும் நின்றார்கள். டென்மார்க்கில் பிறந்ததுதான் அவர் செய்த குற்றம். 59ஆம் இடத்துக்காரர் விமானம் ஏற, பதின்மூன்றாம் பன்னிரண்டாம் இடத்தில் நின்றவர் ரீவியில் பார்க்கிறார். கெம்கேயின் தாய்க்கு இது அநியாயமாகத்தான் தெரியும். அண்ணையின் கோபமும் எனக்கு விளங்குது.

ஆனாலும் நான் அவரோட ஒத்துப்போக மாட்டேன். கோர்டோனின் வரலாற்றை வருசம் வருசமாகப் பாருங்கோ.

2008 பெய்ஜிங், முதல் ஒலிம்பிக், 21 வயது. ஒருவரும் கவனிக்கவில்லை. 2011இல் லண்டனில் உலகச் சாம்பியன்சிப், காலிறுதி வரை வந்தார். அதே வருசம் குவாதலஹாராவில் பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கடைசிப் பதினாறு. பிறகு காயங்கள். 2015இல் மீண்டும் பான் அமெரிக்கன் தங்கம். 2016 ரியோவில் குழுவைத் தாண்டவில்லை. அப்ப வயது 29. முப்பதைத் தொடுகிற, காயப்பட்ட, குழுவைத் தாண்டாத ஒருவரை அண்ணை என்ன சொல்லியிருப்பார்? "இனி இடத்தை விடப்பா" என்றுதான். நானும் நீங்களும் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் அந்த மனுசனின் ஆகப் பெரிய கிழமை அதற்கு ஐந்து வருசம் கழித்துத்தான் வந்தது.

முதல் ஒலிம்பிக்கில் இருந்து அரையிறுதிக்குப் பதின்மூன்று வருசம். என்ர வாதம் இவ்வளவுதான். இடம் கொடுப்பது ஒன்று, அந்த இடத்தை விட்டுவைப்பது இன்னொன்று. ஒரு தரம் கதவைத் திறந்து, உடனே ஒன்றும் வரவில்லை என்று பூட்டினால், திறந்ததில் பிரயோசனம் இல்லை. டென்மார்க்கில் ஒருவன் தவறினால் அடுத்தவன் வரிசையில் நிற்கிறான். அங்கே மண்டபம் இருக்கு, கிளப் இருக்கு, பயிற்சிக்கு ஆள் இருக்கு. குவாத்தமாலாவில் வரிசை இல்லை. அந்த ஒருவர் போய்விட்டால் பின்னால் நிற்பவன் யாரைப் பார்த்து ராக்கெற் தூக்குவான்?

"அவருக்கு அதிர்ஷ்டம், மொமோற்றா தோற்றதால் பாதை திறந்தது" என்று அண்ணை சொன்னார். ஓம், அதிர்ஷ்டமும் இருக்கு. மொமோற்றா 2020 ஜனவரியில் மலேசியாவில் வாகன விபத்தில் காயப்பட்டு, பழைய ஆளாகத் திரும்பி வராமல் இருந்த காலம் அது. ஆனால் அதிர்ஷ்டம் மண்டபத்துக்குள் நிற்கிறவனுக்குத்தானே அடிக்கும்? வெளியில் நிற்கிறவனுக்கு அது வந்தாலும் தெரியாது.

பட்மின்ரன் மலிவான விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் கயிறு கட்டி பிளாஸ்ரிக் பந்தால் விளையாடுவது மலிவு. போட்டிக்கு விளையாடுகிற இறகுப் பந்து வேறு. பதினாறு இறகு, ஐந்து கிராம் அளவு நிறை. நல்லவன் அடித்தால் ஒரு ஆட்டத்துக்குப் பல பந்து முடியும். பன்னிரண்டு பந்து உள்ள ஒரு குழல் இங்கே என்ர ஒரு மணித்தியாலச் சம்பளத்துக்கு மேலே. அதை விடப் பெரிய செலவு ஆள். நல்லாய் விளையாட வேணும் என்றால் உன்னை விட நல்லாய் விளையாடுகிறவனோட தினமும் விளையாட வேணும். யகார்த்தாவில் பக்கத்து மண்டபத்தில் அப்படிப்பட்டவன் இருப்பான். மத்திய அமெரிக்காவில் அவனைத் தேடி விமானம் ஏற வேணும்.

கோர்டோனுக்குக் கிடைத்த பெரிய வரம் அவரது பயிற்சியாளர். பெயர் முவம்மர் கடாபி. லிபியாக்காரர் இல்லை, இந்தோனேசியாக்காரர். உலகத்திலேயே பட்மின்ரனைச் சோறு மாதிரி உண்கிற நாட்டில் இருந்து, மொழி தெரியாத தூர தேசத்துக்கு வேலைக்கு வந்தவர். ரோக்கியோவுக்குப் பிறகு இந்தோனேசியச் சனம் இவர் ஆர் என்று தேடித் தேடி வாசித்தது. வெண்கல ஆட்டத்தில் அவரது மாணவர் தோற்றதும் ஒரு இந்தோனேசியாக்காரரிடம்தான். பிழைப்புக்கு நாடு விட்டு நாடு போகிறவன் தன்னோட கைத்தொழிலையும் கொண்டுதான் போகிறான். எங்கட குசினிகளில் நிற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குசினி என்றதும் ஒன்று. 2015 பான் அமெரிக்கன் போட்டி நடந்தது ரொறன்ரோவில். பட்மின்ரன் எங்கே நடந்தது தெரியுமோ? எங்கட மார்க்கத்தில், பான் அமெரிக்கன் நிலையத்தில். கோர்டோன் தங்கம் எடுத்தது அங்கேதான், இறுதி ஆட்டத்தில் கனடாக்காரரை வென்று. தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தால் போகிற எத்தனை பேர் அதை அறிவார்கள்? எனக்குத் தெரிந்ததே எங்கட குசினியில் கோப்பை கழுவின ஒரு குவாத்தமாலாக்காரரால்தான். ஐம்பதைத் தாண்டினவர், லீவே எடுக்காதவர். அந்தக் கிழமை ஒரு நாள் லீவு கேட்டார். திரும்பி வந்து நாலு நாள் வாய் ஓயவில்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. கரண்டியைப் பிடித்துக் காட்டினார், இடதுகையால் எப்படி அடித்தவர் என்று. மற்ற நேரம் தன்ர நாட்டைப் பற்றி அவர் கதைத்தது மிகக் குறைவு.

ஏன் குறைவு என்று பிறகு வாசித்து அறிந்தேன். 1960 தொடக்கம் 1996 வரை 36 வருசம் அங்கே உள்நாட்டுப் போர். இரண்டு லட்சத்துக்கு மேல் சனம் செத்தும் காணாமலும் போனது, பெரும்பாலும் மாயா பழங்குடி மக்கள். 1996 டிசெம்பரில் சமாதான ஒப்பந்தம். அப்ப கோர்டோனுக்குப் பத்து வயது. இதை வைத்து அவர் போரில் இருந்து எழுந்த வீரன் என்று நான் கதை கட்ட வரவில்லை. அவர் அப்படிச் சொல்லித் திரியவும் இல்லை. எங்களைப் பற்றியும் அப்படி எழுதுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. நான் சொல்வது வேறு. அப்படிப்பட்ட ஒரு நாட்டில் சமாதானம் வந்து கொஞ்சக் காலத்துக்குள், ஒரு மலையூர்ப் பிள்ளையை வருசக்கணக்காகப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள். உடனே பலன் கேட்கவில்லை.

இதுக்கு இன்னுமொரு சாட்சி அதே நாட்டில் இருக்கு. அட்ரியானா ருவானோ. ஜிம்னாஸ்ரிக் செய்துகொண்டு இருந்த பிள்ளை. முதுகெலும்பு காயப்பட்டு அதை விட்டு, துப்பாக்கி சுடுதலுக்கு மாறினார். ரோக்கியோவில் டிராப் போட்டியில் 26 பேரில் 26ஆவது. கடைசி. அண்ணையின் கணக்கில் சுற்றுலாப் பயணி. மூன்று வருசம் கழித்து 2024 பரிஸில் அதே போட்டியில் தங்கம், அதுவும் ஒலிம்பிக் சாதனையோட. குவாத்தமாலாவின் வரலாற்றில் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இத்தனைக்கும் இடையில் 2022 ஒக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழு அந்த நாட்டின் ஒலிம்பிக் குழுவை இடைநிறுத்தி வைத்திருந்தது. 2023 சந்தியாகோ பான் அமெரிக்கன் போட்டியில் அந்த நாட்டு வீரர்கள் தங்கள் கொடி இல்லாமல் சுயாதீன வீரர்கள் என்று விளையாடினார்கள். 2024 மார்ச்சில்தான் தடை தளர்ந்தது. கொடி இல்லாமல் நிற்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை.

இப்ப எங்கட கதைக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் மார்க்கத்திலயும் ஸ்காபரோவிலயும் பட்மின்ரன் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்குகிற எங்கட தாய்தகப்பன்மார் ஏராளம். நல்ல விசயம். ஆனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வருசத்தில் கோப்பை வர வேணும். வராவிட்டால் "இவனுக்கு உது சரிவராது" என்று நிற்பாட்டிக் கணித ரியூசனுக்கு மாற்றிவிடுவார்கள். ரியூசனிலும் அதே கணக்குத்தான். பதினொரு வயதுப் பிள்ளையிடம் நாங்கள் பலன் கேட்கிறோம். எங்களிடம் ஊரே கேட்டுப் பழகினதால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

நானும் கேட்கப்பட்டவன்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசத்தில் பாதை பூட்டுப்பட்டது, படிப்பு அத்தோட நின்றது. இங்கே வந்து அகதிக் கேஸ் முடிய வருசக்கணக்கு. அந்த வருசம் எல்லாம் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, பிறகு அடுப்படி. கலியாண வீட்டில் சந்திக்கிற ஆள் முதல் கேள்வியாகக் கேட்பார்: "தம்பி, இப்ப என்ன செய்றீர்? இன்னும் அதே ரெஸ்ரோறன்ற்தானோ?" அந்த "இன்னும்" என்ற சொல்லுக்குள் அண்ணையின் பட்மின்ரன் கதை முழுக்க இருக்கு. இந்த நாட்டில் சிலர் ரேடியோவில் கேட்பதும் அதேதான். அகதிகளுக்கு இடம் கொடுத்தோம், என்ன கண்டோம் என்று. மூன்று வருசத்தில் கணக்குக் கேட்கிறார்கள். நான் கோர்டோன் இல்லை, அரையிறுதிக்கு வரப் போவதும் இல்லை. ஆனால் எந்த வருசத்தில் ஒருவரின் கணக்கை மூட வேணும் என்று சொல்ல ஆருக்கும் அறிவு போதாது என்பதை அந்த மனுசனின் வாழ்க்கை காட்டுது.

கெம்கேக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவருக்கு நடந்தது இழப்புத்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு விதி நல்லது என்றால் அதால் ஒருவருக்கும் நோகாது என்று அர்த்தம் இல்லை. ஆனால் கெம்கேக்கு ஒலிம்பிக் இல்லாவிட்டாலும் உலகச் சுற்றில் ஒவ்வொரு மாதமும் பெரிய போட்டி இருக்கு. அவற்றில் ஒரு நாட்டில் இருந்து எத்தனை பேரும் விளையாடலாம், அங்கே தரவரிசைதான் பேசும். நாலு வருசத்தில் ஒரு தரம், இரண்டு கிழமை, உலகம் முழுக்க வந்து நிற்கிற ஒரு மண்டபம் இருக்கட்டும். அதையும் ஐந்தாறு நாடு பங்குபோட்டால் அதுக்கு உலகப் போட்டி என்று பெயர் வைக்க முடியாது.

பரிஸில் லக்சயா சென் கடைசியில் எத்தனையாவது வந்தார் தெரியுமோ? வெண்கல ஆட்டத்தில் மலேசியாவின் லீ சீ ஜியாவிடம் தோற்று நாலாவது. ரோக்கியோவில் கோர்டோன் நின்ற அதே இடம். நூற்று நாற்பது கோடிச் சனம் உள்ள நாடும் ஒன்றேமுக்கால் கோடி உள்ள நாடும் ஒரே படியில்.

கோர்டோன் ஐந்து ஒலிம்பிக் போனவர். பெய்ஜிங், லண்டன், ரியோ, ரோக்கியோ, பரிஸ். பதக்கம் ஒன்றும் இல்லை, கடைசி ஆட்டம் கணக்கிலும் இல்லை. நான் அண்ணைக்குச் சொன்னேன், அடுத்த ஞாயிறு வரும்போது அந்த ரோக்கியோக் காலிறுதியைப் பார்த்துவிட்டு வாங்கோ, பிறகு கதைப்போம் என்று. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் இருத்திப் பாருங்கோ. ஹியோவை வென்ற ஆட்டத்தைக் காட்டுவதற்கு முதல், 3-21 என்று தோற்ற அந்தக் கேமையும் காட்டுங்கோ. அதற்குப் பிறகு அவர் தண்ணி குடித்துவிட்டு மூன்றாவது கேமுக்கு எழும்பிப் போகிறதையும்.